குறைந்த செலவில் பேய்ப்படம்: பயம் எங்கிருந்து வருகிறது?

பேய்ப்படம் என்றாலே படித்தவர்கள் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல், காதைக் கிழிக்கும் அலறல். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஆனால் கையில் பணமில்லாத இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து முதல் படம் எடுக்க நினைத்தால், பெரும்பாலும் அவர்கள் நாடுவது பேய்க்கதையைத்தான்.

காரணம் எளிது. இங்கே பேய்தான் நட்சத்திரம். பெரிய நடிகருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வீடு, சில இரவுகள், ஐந்தாறு நடிகர்கள் இருந்தால் போதும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆப் தி லிவிங் டெட்' படத்திற்கு ஆன செலவு ஏறக்குறைய 114,000 டாலர்தான். கதையின் பெரும்பகுதி ஒரு பண்ணை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

பழைய பாணி என்பது என்ன?

1970-களில் மேலை நாடுகளில் 'எக்ஸ்பிளாய்டேஷன்' என்றொரு படவகை பெருகியது. இரத்தம், கவர்ச்சி, கொடூரம் ஆகியவற்றையே மூலதனமாக்கி, மிரட்டும் சுவரொட்டி ஒட்டி, கூட்டம் சேர்ப்பது அதன் வழி. அந்தப் படங்களுக்கென்று ஒரு தோற்றம் இருந்தது. அது பெரும்பாலும் சிக்கனத்தால் வந்தது. தண்டவாளம் போட்டுக் கேமராவை நகர்த்தப் பணமில்லாததால், நின்ற இடத்திலிருந்தே 'ஜூம்' செய்தார்கள். இரவில் விளக்குப் போட வசதியில்லாததால், பகலில் எடுத்து அதை இரவாகக் காட்டினார்கள். திரையரங்கு திரையரங்காக ஓடித் தேய்ந்த சுருளில் கீறல் விழுந்தது.

இன்று அதே கீறலைக் கணினியில் போட்டுக்கொள்கிறார்கள். 2007-இல் குவென்டின் டாரன்டினோவும் ராபர்ட் ரோட்ரிகசும் சேர்ந்து வெளியிட்ட 'கிரைண்ட்ஹவுஸ்' இரட்டைப் படத்தில் கீறல்களும், காணாமற்போன ரீலும்கூட வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அன்று வறுமை செய்த வேலையை இன்று அலங்காரமாகச் செய்கிறார்கள்.

இந்தியாவில் இந்த வழியில் நடந்தவர்கள் ராம்சே சகோதரர்கள். துல்சி, ஷியாம் இருவரும் இயக்க, கங்கு ஒளிப்பதிவு செய்ய, ஒலி, திரைக்கதை, படத்தொகுப்பு என்று மற்றச் சகோதரர்கள் வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1972-இல் வந்த 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' அவர்களுக்கு வழி திறந்தது. 1984-இல் 'புரானா மந்திர்' பெரும் வெற்றி பெற்றது. அவர்கள் விரும்பிப் படமெடுத்த ஊர்களில் ஒன்று மகாபலேஷ்வர் என்னும் மலைவாசத்தலம். மலை, பனி, பழைய பங்களா ஆகிய மூன்றும் அங்கே காசில்லாமல் கிடைத்தன.

இந்நாட்டின் முதல் பேய் அலை

மலாய்த் திரையுலகிற்கும் இந்த வகை புதிதன்று. சிங்கப்பூரில் இயங்கிய கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957-இல் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. பிள்ளைப்பேற்றோடு தொடர்புபட்டு மாண்ட பெண்ணின் ஆவியே மலாய் நம்பிக்கையில் பொந்தியானாக். நாயகி மரியா மெனாடோ. இயக்குநர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். படம் பெரும் வெற்றி பெறவே, அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', மறு ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ச்சிகள் வந்தன. சென்னையைச் சேர்ந்த எல்.கிருஷ்ணன் 1958-இல் 'ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார். இந்நாட்டுப் பேய்ப்படத்தின் தொட்டிலை ஆட்டியவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் முதல் இரண்டு பொந்தியானாக் படங்களும் இன்று இல்லை. அவற்றின் பிரதிகள் தொலைந்துவிட்டன. மலிவுச் சரக்கு என்று நினைத்ததை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

360,000 வெள்ளியில் ஒரு படம்

அண்மைக்காலச் சான்று 'ரோஹ்'. எமிர் எஸ்வான் இயக்கிய இப்படத்தை, எழுத்தாளரும் இயக்குநருமான அமீர் முகமது தொடங்கிய குமான் பிக்சர்ஸ் 360,000 வெள்ளியில் தயாரித்தது. காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். உடம்பெல்லாம் மண் பூசிய ஒரு சிறுமி வந்து, அடுத்த பௌர்ணமிக்குள் எல்லாரும் சாவீர்கள் என்று சொல்கிறாள். படம் 2020-இல் இங்குத் திரையிடப்பட்டது. பிறகு 93-ஆவது ஆஸ்கார் விருதுக்கு மலேசியாவின் சார்பில் அதுவே அனுப்பப்பட்டது.

இதன் பலம் பணமன்று. அந்தக் காடும், அந்தக் குடும்பத்தின் தனிமையும், மண்ணோடு ஒட்டிய நம்பிக்கையும் அதற்கே உரியவை. இரவல் பேயை அது கூட்டிவரவில்லை.

மூடுபனி இலவசம்

இந்தக் கண்ணோடு கேமரன் மலையைப் பார்க்கலாம். பகாங் மாநிலத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்கள். சரிவெல்லாம் தேயிலை. மூடுபனிக்குப் புகை இயந்திரம் தேவையில்லை. ஆனால் அது சொன்னபடி நிற்காது. ஒரு காட்சியின் பாதியில் கலைந்துவிட்டால் மீதிப் பாதி ஒட்டாது. குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூத்துக்கொள்ளும். இயற்கை தரும் சலுகைக்கும் ஒரு விலை உண்டு.

இங்கே மர்மத்திற்கும் பஞ்சமில்லை. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26-ஆம் நாள் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து வெளியே நடந்து சென்றவர் திரும்பவில்லை. காவல்துறையும் இராணுவமும் பூர்வகுடி வழிகாட்டிகளும் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அதனால் இங்கே பேய்ப்படம் எடுக்க வருபவர் முதலில் பங்களாவின் கதவைத்தான் தட்டுவார்.

ஆனால் பங்களாவின் பயம் துரைமாரின் பயம். 1929-இல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இந்த மலையில் தேயிலை நட்டு, கிள்ளி, சுமந்தவர்களில் தமிழர்கள் திரளாக இருந்தார்கள். லயத்து வீடுகளில் அவர்களுக்கென்று வேறு கதைகள் இருந்தன. எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டி, இருட்டியபின் போகக்கூடாத ஒற்றையடிப் பாதை, பிரசவத்தில் போன பெண் அழும் ஓடைக்கரை என்று தோட்டத்துக்குத் தோட்டம் அவை மாறும்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். சற்று நிதானித்தால் வேறொன்று தெரியும். மருத்துவமனை எட்டாத இரவில் பிள்ளைப்பேற்றில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். சரிவில் உருண்டு ஒரு தொழிலாளி மாண்டிருக்கிறார். அந்த மரணங்களுக்குக் கல்வெட்டு இல்லை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டதோடு சரி. அதை மறக்க மனமில்லாதவர்கள் பேய்க்கதையாகச் சொல்லி வைத்தார்கள். அந்தக் கதையே அவளுக்கான நடுகல்.

யார் எடுப்பது?

நம் இளைஞர்களுக்குத் திறமை இல்லாமலில்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இலேயே ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையைச் சிறு முதலீட்டில் படமாக்கியது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் கதையைச் சொல்லி, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஜே.கே.விக்கியின் 'பூச்சாண்டி' 2022-இல் திகிலோடு வரலாற்றையும் சேர்த்துத் தந்து, தமிழ்நாட்டுத் திரையரங்குகள்வரை சென்றது.

பழைய பாணியைக் கையாளுவோர் அதன் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணுடலைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதும், கொடுமையை வேடிக்கையாக்குவதும் அந்தக் காலப் படங்களின் தீராத நோய். கேமரன் மலைக் காடுகளில் வாழும் செமாய் மக்களைச் சூனியக்காரர்களாகக் காட்டுவதும், முனீஸ்வரர் வழிபாட்டைக் கேலிப்பொருளாக்குவதும் அந்த நோயின் இன்னொரு முகமாகிவிடும்.

அவசரம் ஒன்று உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அது நல்லதே. இன்று தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்துக் கதைகளைச் சொல்லத் தெரிந்த பாட்டிமார்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. பொந்தியானாக் படச்சுருளாவது பெட்டிக்குள் சிலகாலம் இருந்தது. இந்தக் கதைகளுக்குப் பெட்டியும் இல்லை.

ஆகவே படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் கேமரா வாடகைக்குப் பணம் தேடுவதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்யலாம். தோட்டத்தில் பிறந்த பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, 'அந்த ஓடைக்கரையில் யார் செத்தது பாட்டி?' என்று கேட்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை.