புது ஸ்பீக்கர் ஓட ஓட இனிக்குமா?

புது ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பாடல் கேட்கிறீர்கள். ஒலி கரகரக்கிறது. கடைக்காரரோ, "100 மணி நேரம் ஓடட்டும் சார், சரியாகிவிடும்" என்கிறார். உண்மையா?

ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் ரப்பர் விளிம்பும், பின்னால் உள்ள நெளிவான துணி வளையமும் புதிதில் சற்று விறைப்பாக இருக்கும். அதிர அதிரத் தளரும். இதனால் பேஸ் ஒலியில் சிறு மாற்றம் வரலாம். அதுவும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். கேபிளில் அசையும் பாகமே இல்லை. அது பழக ஒன்றுமில்லை. பிறகு ஏன் ஒரு வாரம் கழித்து ஒலி இனிமையாகத் தோன்றுகிறது? பழகியது உங்கள் காது!

எனவே கரகரப்பு இருந்தால் காத்திருக்காதீர்கள். வேறு கேபிளில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பில்லுடன் கடைக்குச் செல்லுங்கள்.