பசுமைக் கட்டடம் மரக்கன்றில் தொடங்குவதில்லை: சாகண் ஆலைகளுக்குப் புனேயிலேயே ஒரு முன்மாதிரி

சாகண் (புனே): புனே நகருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள சாகண், ஒருகாலத்தில் வெங்காயச் சந்தைக்கும் சங்கிராம துர்க்கம் கோட்டைக்கும் பெயர்பெற்ற ஊர். இன்று ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ், மஹிந்திரா, பஜாஜ் ஆலைகளால் நாட்டின் முக்கிய வாகன உற்பத்தி மையங்களில் ஒன்றாகத் திகழ்கிறது. ஆலைகளிலும் அவற்றுக்கு உதிரிபாகங்கள் வழங்கும் சிறு கூடங்களிலும் பணிபுரிவோருக்குப் பகல்பொழுது கூரையின் கீழேயே கழிகிறது. அந்தக் கூரை வெறும் தகரமாக இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் அது வெயிலைத் தடுப்பதைவிட வெப்பத்தைக் கீழே இறக்குவதே அதிகம்.

இதற்கான விடை புனே நகரிலேயே உள்ளது. ஹடப்சரில் காற்றாலை நிறுவனமான சுஸ்லானின் தலைமையகம் 'ஒன் எர்த்' 2009-இல் கட்டி முடிக்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து புனேயில் வாழ்ந்து, 2024-இல் மறைந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் பென்னிங்கர் வடிவமைத்த இவ்வளாகம், 'லீட்' பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. வானளாவிய கோபுரமாக இல்லாமல், தாழ்வான கட்டடங்களாக முற்றத்தையும் நீர்நிலையையும் சூழ்ந்து அமைந்துள்ளது. செட்டிநாட்டு வீடுகளும் பழைய புனே வாடாக்களும் கையாண்ட அதே முறைதான். அலுமினியத் தடுப்புப் பட்டைகள் நேரடி வெயிலை மறைத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. வளாகத்திலேயே சிறு காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் ஓரளவு மின்சாரம் தருகின்றன, மழைநீர் சேகரிக்கப்படுகிறது.

ஆலைக்குப் பொருந்துமா?

அலுவலகத்தை அப்படியே ஆலையாக்க முடியாது. பளுதூக்கிகள் நகர இடைத்தூண் இல்லாத அகன்ற கூடம் தேவை. நடுவே முற்றம் வைக்க இயலாது. ஆனால் வெளிச்சத்துக்கு வழி உண்டு. பழைய பஞ்சாலைகளின் ரம்பப் பல் வடிவக் கூரையில் கண்ணாடிகள் வடக்கு நோக்கியிருக்கும். கூசாத, சீரான ஒளி கிடைக்கும். கூரை உச்சியில் திறப்பும் சுவரின் அடியில் காற்றுவழியும் இருந்தால், சூடான காற்று மேலேறி வெளியேற, குளிர்ந்த காற்று தானே உள்ளே வரும். நீண்ட சுவர்கள் வடக்கு, தெற்கு நோக்கினால் மாலை வெயிலின் தாக்கம் குறையும்.

இவை அனைத்தும் முதல் வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை. வாயிலில் மரக்கன்று நடும் விழாப் படத்தில் கூரையின் வெப்பம் தெரிவதில்லை. கட்டி முடித்த கூடத்தின் திசையை மாற்ற முடியாது. வெண்பூச்சு, காற்றில் சுழலும் கூரை விசிறி போன்ற சில திருத்தங்களே சாத்தியம்.

வாடகைக்கு விடப்படும் சிறு கூடங்களில் சிக்கல் வேறு. கூரைக்குச் செலவிட வேண்டியவர் உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவர் வாடகைதாரர். வெப்பத்தைத் தாங்குபவரோ இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி.