ஞாயிற்றுக்கிழமை ஏழரை

பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் வைரத்துக்குப் பேர்போன ஊர். ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்து மறைந்த ஊரும் அதுதான். 1980களில் அங்கே வந்து இறங்கிய ஜப்பானியப் பயணிகள் பலர் வைரத்தைத் தேடவில்லை. நெல்லோ என்ற பையனின் வீடு எது, பட்ராஷ் என்ற நாய் பால்வண்டி இழுத்துப்போன வழி எது என்று சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கதை அவர்கள் ஊரில் நடப்பதுதான். ஆனால் உள்ளூரில் அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊய்டா என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில நாவலாசிரியை 1872இல் வெளியிட்ட குறுநாவல் அது: 'எ டாக் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ்'. தாத்தாவோடு வாழும் அநாதைப் பையன் நெல்லோ. அடித்துத் துன்புறுத்திய எஜமான் சாலையோரம் விட்டுப்போன நாய் பட்ராஷ். மூவருமாகப் பால் விற்றுப் பிழைக்கிறார்கள். பையனுக்கு ஓவியன் ஆகவேண்டும் என்று ஆசை. ஆன்ட்வெர்ப் பேராலயத்தில் திரைபோட்டு மூடிவைத்திருக்கும் ரூபன்ஸின் சிலுவை ஓவியங்களை ஒருதரமாவது பார்த்துவிடத் துடிக்கிறான். திரையை விலக்கக் காசு கேட்கிறார்கள், அவனிடம் ஏது காசு? தாத்தா செத்துப்போகிறார், ஊர் கைவிடுகிறது, தீவைத்தவன் என்று பழி வேறு. கிறிஸ்துமஸை ஒட்டிய பனி இரவில் அந்த ஓவியங்களுக்கு அடியில் பையனும் நாயும் கட்டிப்பிடித்தபடி விறைத்துக் கிடக்கிறார்கள்.

புத்தகமாகப் பார்த்தால் அழவைப்பதற்கென்றே எழுதிய கதை, அதற்குமேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாலிவுட் அதைப் படமாக்கியபோதெல்லாம் பெரும்பாலும் பையனைப் பிழைக்கவைத்துச் சுபம் போட்டது. ஜப்பானியர்கள் சாகவிட்டார்கள். அதுவும் ஒரு வருஷம் முழுக்க, வாராவாரம் அவனை வீட்டுக்குள் அழைத்துவந்து பழக்கிவிட்டுச் சாகவிட்டார்கள். 1975 ஜனவரியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர் 52 அத்தியாயங்கள் ஓடி, அதே டிசம்பர் 28ஆம் தேதி முடிந்தது. அன்று இரவு ஜப்பானில் அழாத வீடு குறைவு என்பார்கள்.

ஃபூஜி தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணி அரங்கு அது. கால்பிஸ் என்ற பால்பானக் கம்பெனி விளம்பரதாரர். ஜனவரியில் ஒரு கதை தொடங்கினால் டிசம்பரில் முடியும், பெரும்பாலும் ஐரோப்பிய அல்லது அமெரிக்கச் சிறுவர் நாவலாக இருக்கும். 1974இல் 'ஹைடி', 75இல் நெல்லோ, 76இல் அம்மாவைத் தேடி இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போகும் மார்கோ, 77இல் 'ராஸ்கல்', 79இல் சிவப்புமுடி ஆன். 'உலகத் தலைசிறந்த கதைகளின் அரங்கு' என்று பின்னால் பெயர் நிலைத்தது. கார்ட்டூன் என்றதும் நம் மனசுக்கு வரும் அடிதடி, துரத்தல், தலையில் விழும் பாறாங்கல் எதுவும் இவற்றில் கிடையாது. ஒரு சிறுமி ஆடு மேய்ப்பாள், அவ்வளவுதான் அந்த வாரத்துக் கதை.

அந்தச் சிறுமி சாதாரணப்பட்டவள் அல்ல. 1974 அக்டோபரில் இன்னொரு சேனல் அதே ஏழரை மணிக்கு விண்வெளிப் போர்க்கப்பல் 'யமாட்டோ'வைக் களமிறக்கியது. பிற்காலத்தில் ஜப்பானிய அனிமேஷனின் திசையையே மாற்றிய தொடர் என்று கொண்டாடப்பட்ட யமாட்டோ, முதல் ஒளிபரப்பில் ஹைடியிடம் மண்ணைக் கவ்வியது. போட்டிருந்த திட்டத்தைச் சுருக்கி 26 வாரத்தோடு மூட்டை கட்டவேண்டி வந்தது. பீரங்கியை ஆட்டுக்குட்டி ஜெயித்த கதை.

ஹைடியின் இயக்குநர் இசாவோ தகஹாத்தா. காட்சிகளின் அமைப்பை 52 அத்தியாயங்களுக்கும் வரைந்தவர் ஹயாவ் மியாசாகி. பின்னாளில் ஸ்டூடியோ ஜிப்லியை உருவாக்கிய அதே இருவர். பாத்திரங்களை வடிவமைத்தவர் யோய்ச்சி கோத்தாபே, இவர் பிறகு நின்டெண்டோவுக்குப் போய் மரியோவுக்கு மெருகேற்றினார். தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்காக வெளிநாடு போய் ஊர் பார்ப்பது அன்று அபூர்வமான காரியம். இவர்கள் 1973 கோடையில் சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமங்களில் சுற்றினார்கள். கோத்தாபே முதலில் ஹைடிக்கு இரட்டைச் சடை போட்டுத்தான் வரைந்திருந்தார். மலையுச்சியில் தன்னந்தனியாக இருக்கும் கிழவர் தினமும் காலையில் பேத்திக்குச் சடையா பின்னிக்கொண்டிருப்பார் என்ற கேள்வி அங்கே எழுந்தது. சடை போயிற்று. இன்று உலகம் அறிந்த குட்டைமுடி ஹைடி வந்தாள்.

அந்த ஒரு கேள்வியில் முழு அரங்கின் ரகசியமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. கதையில் என்ன நடக்கிறது என்பதைவிட, அந்த வீட்டில் தினமும் யார் தண்ணீர் எடுக்கிறார்கள், ரொட்டியை எப்படி நறுக்குகிறார்கள் என்பதில்தான் இவர்கள் மெனக்கெட்டார்கள். தாத்தா நீண்ட கம்பியில் சீஸ் துண்டைக் குத்தி அடுப்புத் தீயில் காட்டுகிறார். ஓரங்கள் பொன்னிறமாகிப் பளபளக்கின்றன. இளகி வழியப்போகிற நேரத்தில் ரொட்டியின்மேல் சரிக்கிறார். ஹைடி கடித்து இழுக்கிறாள், சீஸ் நூலாக நீள்கிறது. எழுபதுகளின் ஜப்பானிய வீடுகளில் இப்படி உருக்கித் தின்னும் சீஸ் அன்றாடப் பண்டம் அல்ல. பார்த்த பிள்ளைகளுக்கு நாக்கில் ஊறிய எச்சில் இன்னும் வற்றவில்லை. ஜப்பானிய உணவகங்களில் 'ஹைடி சீஸ்' என்று சொன்னாலே புரிந்துகொள்கிறார்கள். பேக்கரிகளில் 'ஹைடியின் வெள்ளை ரொட்டி' விற்கிறது. கறுப்பு ரொட்டியை மெல்ல முடியாத, ஆடு மேய்க்கும் பையன் பீட்டரின் பாட்டிக்காக ஃப்ராங்க்ஃபர்ட் பணக்கார வீட்டில் ஹைடி அலமாரிக்குள் ஒளித்துச் சேர்த்துவைத்தாளே, அந்த ரொட்டி.

ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்று ஐரோப்பாவுக்கே அந்தத் தொடர் திரும்பிப் போனது. ஜொஹானா ஸ்பைரி 1880இல் எழுதிய சுவிஸ் சிறுமிக்கு அங்கே பல லட்சம் பிள்ளைகளின் மனதில் பதிந்திருப்பது தோக்கியோவில் வரைந்த முகம்.

ஆன்ட்வெர்ப்காரர்களுக்கு நெல்லோ அப்படி ஒட்டவில்லை. தங்கள் ஊரைக் கல்நெஞ்சக்காரர்களின் ஊராகக் காட்டும் கதையை யார்தான் கொண்டாடுவார்கள்? கார்ட்டூனில் வரும் காற்றாலையும் உடுப்பும் பக்கத்து ஹாலந்தின் சாயலில் இருக்கின்றன என்ற குறையும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் தேடி வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? நகரத்தின் ஹோபோக்கன் பகுதியில் 1985இல் பையனுக்கும் நாய்க்கும் சிலை வைத்தார்கள். பட்ராஷ் எப்படி 'மேட் இன் ஜப்பான்' ஆனது என்று பெல்ஜியக் கலைஞர்கள் இருவர் 2007இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள். 2016இல் பேராலயத்தின் முன்சதுக்கத்தில் பாட்டிஸ்ட் வெர்ம்யூலன் செய்த வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் வந்தது. பையனும் நாயும் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். சதுக்கத்துத் தரையில் பாவிய கற்களே எழும்பி வந்து அவர்களுக்குப் போர்வையாகிவிடுகின்றன. சிலைகளில் ஒருபோதும் மனம் லயிக்காதவன் நான். படத்தில் பார்த்த இதற்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரிசையோடு ஒரு சின்னத் தொடர்பு உண்டு. நெல்லோவை முடித்துவைத்த, ராஸ்கலை உருவாக்கிய நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் கிப்ளிங்கின் மௌக்லி கதையையும் 52 அத்தியாயங்களாக எடுத்தது. தூர்தர்ஷன் அதைத் தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பியது. குல்ஸார் பாட்டு, விஷால் பரத்வாஜ் இசை, புலி ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். எல்லாம் இந்தி. மத்தியப் பிரதேசத்துச் சிவனி காட்டுக் கதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஜப்பானில் வரையப்பட்டு, இந்தி பேசிக்கொண்டு நம் வீட்டு டயனோரா பெட்டிக்கு வந்துசேர்ந்தது. இந்திப் பிரசார சபா பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளைகள்கூட அந்தப் பாட்டை அர்த்தம் தெரியாமல் முழுசாகப் பாடினார்கள்.

சிலையும் சீஸும் பாட்டும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ராஸ்கல் விஷயம் வேறு.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த் 1963இல் எழுதிய நினைவுக்குறிப்பு 'ராஸ்கல்'. முதல் உலகப் போர் முடியும் காலத்து விஸ்கான்சின் மாநிலம். தாயை இழந்த பதினொரு வயதுப் பையன் ஒரு ரக்கூன் குட்டியைக் காட்டிலிருந்து எடுத்துவந்து வளர்க்கிறான். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திருடன் முகமூடி, வாலில் வளையங்கள், மனிதக் கைபோன்ற முன்னங்கால்கள். எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் அலசித்தான் தின்னும். ஒருநாள் பையன் சர்க்கரைக் கட்டியைக் கொடுக்கிறான். வழக்கம்போல் குட்டி அதையும் பால் கிண்ணத்தில் முக்கி அலசுகிறது. கட்டி கரைந்து காணாமல் போகிறது. கிண்ணத்தின் அடியெல்லாம் துழாவுகிறது, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. இதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்காத பிள்ளை இருக்குமா?

1977இல் தொடர் ஓடியது. மியாசாகியும் சில அத்தியாயங்களுக்குப் படம் வரைந்தார். ஜப்பானில் ரக்கூன் இயற்கையாகக் கிடையாது. செல்லப்பிராணிக் கடைக்காரர்கள் வட அமெரிக்காவிலிருந்து இறக்கினார்கள், உச்சத்தில் ஆண்டுக்கு 1,500 வரை வந்ததாகச் சொல்லப்படுகிறது. குட்டியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வயசுக்கு வந்த ரக்கூன் கடிக்கும், பிறாண்டும். அந்தக் கை இருக்கிறதே, தாழ்ப்பாளைத் திறக்கும், குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும். என்ன செய்வதென்று தெரியாத குடும்பங்கள் தொடரின் முடிவையே வழியாக எடுத்துக்கொண்டன. கதையில் பையன் கடைசியில் ராஸ்கலைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரிக்கு அக்கரைக் காட்டில் விட்டுவிடுவான். அங்கே ஒரு பெண் ரக்கூன் காத்திருக்கும். விஸ்கான்சினில் அது வீடு திரும்புதல். ஜப்பானில் அதே காரியம் அயலினம் ஒன்றை அவிழ்த்துவிடுவது.

பழியை முழுக்கக் கார்ட்டூன் தலையில் போடுவதும் நியாயமில்லை. 1962லேயே ஐச்சி மாவட்டத்து விலங்குக்காட்சி சாலையிலிருந்து சில ரக்கூன்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் தப்பிய சில விலங்குகள் வேறு, நாடெங்கும் ஊருக்கு ஊர் ஆளுக்கொன்றாக விட்டது வேறு. இன்று வடக்கே ஹொக்கைடோவிலிருந்து தெற்கே க்யூஷூ வரை ரக்கூன் உண்டு. அடித்துத் தின்னப் பெரிய விலங்கு எதுவும் இல்லை. சோளக் கொல்லையைச் சூறையாடுகிறது. தர்பூசணியில் கைநுழையும் அளவுக்கு ஓட்டைபோட்டு உள்ளே இருப்பதை வழித்துத் தின்றுவிட்டுத் தோலை அப்படியே விட்டுப்போகிறது. பார்த்தால் பழம் முழுசாக இருப்பதுபோலவே தெரியும்.

கோயில்கள்தான் அதற்குப் பிடித்த குடியிருப்பு. கியோத்தோவின் மரக்கோயில்களில் தூண்வழியே ஏறி, கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே குட்டிபோடுகிறது. நூற்றாண்டுகள் பழைய தூண்களில் ஐந்து விரல் நகக்கீறல்களை ஆய்வாளர்கள் வரிசையாகக் கண்டெடுத்தார்கள். மேலே மூத்திரமும் மலமும் ஊறிப் பலகை இற்றுப்போகிறது. தொழில்முறைத் தச்சர்களைவிட மெதுவாக, ஆனால் ஓய்வில்லாமல் வேலை செய்யும் விலங்கு.

ரக்கூன் பெருகிய இடங்களில் இரைக்கும் இருப்பிடத்துக்கும் போட்டி போடவேண்டி வந்தது தனுகிக்கு. பார்க்க ரக்கூன் சாயலில் இருக்கும், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானின் சொந்த விலங்கு. உருமாறி மனிதரை ஏய்க்கும் என்று நாட்டார் கதைகள் சொல்லும். தகஹாத்தா 1994இல் அந்தத் தனுகிகளுக்காகவே 'போம் போகோ' எடுத்தார். தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை வெட்டி அடுக்குமாடி நகரம் கட்டியபோது காடிழந்த தனுகிகள் போராடித் தோற்கும் படம். இருபது வருஷத்துக்கு முன் இதே ஏழரை அரங்கை ஹைடியால் நிலைநிறுத்தியவர் அவர். அங்கே பிறந்த ராஸ்கல் தனுகிக்குப் பிடித்த இன்னொரு சனியாகியிருந்தது.

இப்படிச் சொல்லும்போது பலரும் 'ஃபைண்டிங் நீமோ' படத்தைத் துணைக்கு இழுப்பார்கள். 2003இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உலகமே கோமாளி மீன் வாங்கித் தொட்டியில் போட்டது என்பது ஊரறிந்த கதை. அதன் அடுத்த பாகமான 'ஃபைண்டிங் டோரி'யை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் தலைமையில் ஒரு குழு சோதித்தது. 2019இல் முடிவு வெளியானது. படம் வந்த பிறகு டோரி இனத்து நீலமீனைப் பற்றி இணையத்தில் தேடியவர்கள் அதிகம். அமெரிக்காவுக்கு இறக்குமதியான மீன் கூடியதற்குச் சான்று இல்லை. சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போனான் என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

அப்படியானால் ராஸ்கல் மட்டும் ஏன்? நூறு நிமிஷத்தில் முடிகிற படத்துக்கும் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன். டோரி மறதிக்கார மீன், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ராஸ்கலுக்குப் பாலை எப்படிப் புகட்டுவது, எங்கே தூங்கவைப்பது, சைக்கிள் கூடையில் எப்படி உட்காரவைப்பது என்று வருஷம் முழுக்கக் காட்டினார்கள். சீஸை உருக்கிக் காட்டிய அதே அக்கறை, அதே கை. காட்டு விலங்கு காட்டில் இருக்கட்டும் என்பதுதான் கதையின் சாரம். பிள்ளைகள் வளர்ப்பு முறையைக் கற்றுக்கொண்டார்கள்.

ஜப்பான் 2004இல் அயலின உயிரிகள் சட்டம் இயற்றியது. அடுத்த வருஷம் அமலுக்கு வந்தபோது முதல் பட்டியலிலேயே ரக்கூன் இடம்பிடித்தது. இன்று அதை அனுமதியில்லாமல் வளர்க்கவோ, இறக்குமதி செய்யவோ, வெளியே விடவோ கூடாது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொல்கிறார்கள். பயிர்சேதம் என்று முறையிடும் விவசாயிகளுக்குப் பல நகராட்சிகள் கூண்டு இரவல் தருகின்றன, உள்ளே இனிப்புத் தீனி எதையாவது வைத்தால் போதும். ஏழரை மணி அரங்கு பார்வையாளர்கள் குறைந்துபோய் 1997இல் நின்றுவிட்டது. சட்டம் ராஸ்கல் பொம்மையைத் தொடவில்லை. சாவிக்கொத்தாகவும் தலையணையாகவும் பென்சில் டப்பாவாகவும் அது கடைகளில் இன்னும் நன்றாக விற்கிறது.