மூன்று என்றால் மூன்று ‘அடுத்தது’

கணினிக்குள் 13 என்ற எண் 1101 என்று நான்கே பிட்டுகளில் அடங்கிவிடும். பிரான்சில் பிறந்து, நீண்ட காலம் ‘காக்’ என்று அறியப்பட்டு, இப்போது ‘ராக்’ எனப் பெயர் மாறிய மொழியில் கதையே வேறு. கணிதத் தேற்றங்களைச் சரிபார்க்கும் மொழி அது.

அங்கே இயல் எண்ணுக்கு இரண்டே விதிகள். ‘ஓ’ ஓர் எண், அதாவது சுழி. கையில் ஓர் எண் இருந்தால், அதன் முன்னால் ‘எஸ்’ போட்டுக் கிடைப்பதும் எண். எஸ் என்றால் ‘அடுத்தது’. ஆகவே 3 என்பது எஸ்(எஸ்(எஸ்(ஓ))). எண்ணின் வரையறைக்குள்ளேயே எண் மறுபடி வருவதால் இது தற்சுழற்சி வகை.

எண்ணம் பழையது. 1889-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஜுசெப்பே பியானோ லத்தீனில் எழுதிய சிறு நூலில் கிட்டத்தட்ட இதே விதிகள் உள்ளன. ஆனால் கூட்டலையே இவ்வழியில் வரையறுக்கலாம் என்று 1861-லேயே காட்டியவர் ஹெர்மான் கிராஸ்மன். பள்ளி ஆசிரியர், பிற்காலத்தில் ரிக் வேதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தவரும் அவரே.

2+3-ஐக் கூட்டிப் பார்ப்போம். இடப்பக்கத்து இரண்டிலிருந்து ஓர் எஸ்ஸை உருவி வெளியே வைத்தால் எஸ்(1+3). இன்னொன்றையும் உருவினால் எஸ்(எஸ்(0+3)). சுழியோடு மூன்று, மூன்றேதான். எண்ணிப் பார்த்தால் ஐந்து எஸ். கூட்டல் வாய்ப்பாடே தேவைப்படவில்லை!

இதில் ஓர் அழகான சிக்கல் உண்டு. உருவுவது இடப்பக்கம் என்பதால் 0+ந = ந என்பது விதியிலேயே இருக்கிறது. ந+0 = ந என்பதோ தானாக வராது; கணிதத் தொகுத்தறிதலால் நிறுவ வேண்டும். ராக் பழகுவோர் பலரும் முதலில் எழுதும் நிரூபணங்களில் ஒன்று இது. பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற ஒன்றுக்கு இங்கே காரணம் கிடைக்கிறது.

விலையும் உண்டு. பத்து லட்சத்துக்குப் பத்து லட்சம் எஸ் வேண்டும். இரும எண்ணில் 20 பிட் போதும். 5000-ஐத் தாண்டிய எண்ணை எழுதினாலே நினைவக அடுக்கு நிரம்பிவிடலாம் என்று ராக் எச்சரிக்கும். அதனால் ராக் நூலகத்தில் இரண்டாவது வரையறை ஒன்றும் இருக்கிறது: ஒன்றில் தொடங்கு, இரட்டிப்பாக்கு, அல்லது இரட்டித்து ஒன்று கூட்டு. 1, 3, 6, 13 என்று மூன்றே படியில் 13 வந்துவிடும். இதுவும் தற்சுழற்சிதான்.

ராக் போலவே நிரூபணங்களைச் சரிபார்க்கும் அக்டா, லீன் மொழிகள் இன்னொரு வழியில் போகின்றன. வரையறை பியானோ பாணி. ஓடும்போது சாதாரணப் பேரெண் கணக்கு. இதில் வேகம் கிடைக்கிறது. ஆனால் லீனில் நிரூபணத்தைச் சரிபார்க்கும் கருவே ‘ஜிஎம்பி’ என்ற பேரெண் நூலகத்தை நம்பிக் கூட்டிப் பெருக்குகிறது. இரண்டு விதிகளை மட்டும் நம்பினால் போதும் என்றிருந்த இடத்தில், அந்த நூலகத்தின் நிரலையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறது.