லாரியின் முன் சக்கரம் முனகுகிறதா? உடனே கவனியுங்கள்!

வாலாஜாபாத்தில் இருந்து வண்டலூருக்குப் போகும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. அங்கே 2012-ம் ஆண்டில் பாரத் பென்ஸ் லாரி தொழிற்சாலை திறக்கப்பட்டது. புத்தம் புது லாரிகள் அங்கே பிறக்கின்றன. அதே சாலையில் ஜல்லி சுமந்து ஓடும் பழைய லாரிகளும் உண்டு.

புதிதோ, பழையதோ, லாரிக்கு உயிர்நாடி ஒன்றுதான். அது சக்கரம் சுற்றும் இடம்!

கடையாணி போல

மாட்டு வண்டிச் சக்கரம் அச்சில் சுற்றும். அது கழன்று விடாமல் கடையாணி காக்கும். லாரியின் முன் சக்கரமும் அப்படித்தான். அதன் அச்சு முனைக்கு "ஸ்டப் ஆக்சில்" என்று பெயர். அதன் மீது இரண்டு பேரிங்குகள் இருக்கும். உள்ளே பெரியது, வெளியே சிறியது. இவற்றில் ஒரு பக்கம் சரிந்த உருளைகள் இருக்கும். இந்த வகை பேரிங்குக்கு 1898-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவில் குதிரை வண்டி செய்து வந்த ஹென்றி டிம்கென்.

கண்டுபிடிப்பது எப்படி?

பேரிங் கெட்டால் "கர்" என்று சத்தம் வரும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஒரு பக்கத்து ஹப் மட்டும் அதிகமாகச் சுடும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் "கிங் பின்" தேய்ந்திருக்கலாம்.

வெல்டிங் வேண்டாம்!

கழற்றிய பேரிங்கை டீசலில் கழுவிப் பார்க்க வேண்டும். உருளையில் குழி விழுந்திருந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும் அது உதவாது. உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். சீலும் புதிதாகப் போட வேண்டும்.

பேரிங் இறுகிப் போனால் உள் வளையம் அச்சின் மீதே சுற்றி, அதைத் தேய்த்து விடும். பிறகு புது பேரிங் போட்டாலும் லொட லொட என்று ஆடும். சிலர் தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, கடைந்து போடுகிறார்கள். இது ஆபத்து! அந்தச் சூட்டில் இரும்பின் உறுதி கெடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது அச்சு ஒடியலாம். புது ஸ்டப் ஆக்சில் போடுவதே நல்லது.

இறுக்குவதில் சூட்சுமம்

உருளைகளின் இடுக்கு எல்லாம் கிரீஸ் நிரம்ப வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். பிறகு, கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் தளர்த்த வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் எரியும். அதிகம் தளர்ந்தால் சக்கரம் ஆடும். கடைசியாக, நட்டைப் பூட்டும் காட்டர் பின். அதைப் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய பின் ஒடிந்தால் நட்டு கழலும். பிறகு சக்கரமே கழலும்!

கழன்ற சக்கரத்துக்குக் கண் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை மீதும் மோதும். ஒரு நாள் வாடகை போகிறதே என்று பார்க்கலாமா?

சத்தம் கேட்டால் டிரைவர் சொல்ல வேண்டும். சொன்னால் சொந்தக்காரர் கேட்க வேண்டும்.