தங்கமீன் குஞ்சும் மூதாதையர் சாயலும்

அலங்கார மீன் வியாபாரத்தில் இறங்கும் சகோதரர்கள் முதல் வருடத்திலேயே சந்திக்கும் பிரச்சினை ஒன்றுண்டு. நல்ல ஓரண்டா சோடியொன்றை அதிக விலைக்கு வாங்கி முட்டையிட வைப்பார்கள். குஞ்சுகளில் பல வால் சரியாகப் பிரியாமல், சில ஒற்றை வாலுடனேயே வரும். உடனே விற்றவருடன் சண்டை. நானும் அப்படிச் சண்டைபிடித்து, பின்னர் மன்னிப்புக் கேட்டவன்தான்.

தங்கமீனின் மூலம் சீனாவின் ஆறு குளங்களில் வாழ்ந்த, கெண்டை இனத்தைச் சேர்ந்த சாதாரண மீன். சொங் ஆட்சிக் காலத்தில் (960-1279) நிறமுள்ளவற்றைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். இரட்டை வால், உருண்டை உடல், பிதுங்கிய கண் என்பன பின்னர் மனிதன் தெரிந்தெடுத்துச் சேர்த்தவை. இரட்டை வாலுக்கு ஒரு மரபணு மாற்றமே காரணம் என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆனால் வால் பிரியும் அளவு மீனுக்கு மீன் வேறுபடும்.

சில குணங்கள் மறைந்திருந்து வெளிவரும். பேரனின் முகத்தில் மூத்தவாப்பாவின் சாயல் தெரிவதில்லையா? பிளெக் மூரைச் சாதாரண கண்ணுள்ள மீனுடன் சேர்த்தால், குஞ்சுகள் பொதுவாகச் சாதாரண கண்ணுடனேயே பிறக்கும். அக்குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் சிலவற்றுக்குப் பிதுங்கிய கண் திரும்பவும் வரும்.

கலிக்கோவில் கணக்கு இன்னும் தெளிவு. கலிக்கோ சோடியின் 100 குஞ்சுகளில் ஏறத்தாழ 50 கலிக்கோ, 25 பளபளக்கும் செதிலுள்ளவை, 25 மினுக்கமில்லாதவை. சோடி எவ்வளவு தரமானாலும் பாதி இப்படித்தான் போகும். ஆனால் மினுக்கமில்லாததைப் பளபளக்கும் மீனுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே கலிக்கோ! எனவே, மினுக்கமில்லாதவற்றில் உடல் நல்லதாக உள்ளதைக் கழித்துவிடாதீர்கள். அதுவும் முதல்தான்.

எல்லாக் குறையும் பரம்பரையல்ல. நெருக்கமான தொட்டியாலும் கெட்ட தண்ணீராலும் வளர்ச்சி குன்றும். நிறத்திலும் அவசரம் வேண்டாம். குஞ்சுகள் முதலில் கருமையாகவே இருக்கும். நிறம் மாற மாதங்கள் செல்லும், சில மாறாமலும் விடும்.

ஆகவே, பிறக்கும் குஞ்சுகள் அத்தனையையும் இலாபக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேறுபவற்றின் விலையிலேயே மொத்தச் செலவும் வரவேண்டும். கழித்தவற்றைச் சாதாரண தங்கமீன் என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கலாம். ஆறு குளங்களில் மட்டும் விடவேண்டாம். கலப்புச் சோடியைச் சுத்தமான இனம் என்று விற்பதும் கூடாது. தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நாமறிந்ததே. குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.