கொழுந்துக்கு நடக்கும் சோதனை மருந்துக்கும் நடக்கட்டும்

சப்ரகமுவ தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து, தேயிலையாகிக் கப்பலேறும் முன் ஆய்வுகூடத்தைக் கடந்தாக வேண்டும். வாங்கும் நாடுகள் களைகொல்லி எச்சத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்க் கணக்குப் பார்க்கின்றன. அதற்கு ஈடுகொடுக்க இலங்கைத் தேயிலைச் சபை தனியாக ஓர் ஆய்வுகூடமே நடத்துகிறது. இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. தேயிலைக்குச் சுவை சேர்க்கும் தியனைன் ஓர் அமினோ அமிலம். 1949இல் ஜப்பானில் அது கண்டறியப்பட்டது. இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது இன்று தேயிலை ஆராய்ச்சியில் வழக்கமான வேலை. இவை எல்லாம் தேவையானவைதான். ஆனால் அந்த இலையைப் பறிக்கிறவரின் உடம்புக்குள் ஏற்றப்படும் மருந்தில் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதே கண்டிப்போடு அளக்கப்பட வேண்டும். தேநீர் குடிப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, கொழுந்து பறிப்பவருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் கிடைத்தாக வேண்டும்.

மருந்தில் அமினோ அமிலம் என்றதும் ஏதோ பணக்கார வைத்தியம் என்று நினைக்க வேண்டியதில்லை. நீரிழிவுக்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். றப்பர் தோட்டத்தில் பாம்பு தீண்டியவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தும் புரதமே. பரசிட்டமோல் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவரின் ஈரலைக் காப்பாற்றும் அசிட்டைல் சிஸ்டீன், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறந்தது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு நாளம் வழியே ஏற்றப்படும் ஊட்டத் திரவம், அமினோ அமிலங்களை உரிய விகிதத்தில் கலந்த கலவை. இவற்றில் பல, பார்வைக்குத் தண்ணீரைப் போல இருப்பவை. குப்பியில் இருப்பது மருந்தா வெறும் சேலைனா என்பதை நோயாளியோ தாதியோ வைத்தியரோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்ல முடியாமற் போனால் என்ன நடக்கும் என்பதை இலங்கை அண்மையில்தான் பார்த்தது. 2022இன் டொலர் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு முற்றியபோது, மருந்துப் பதிவிலிருந்து விலக்களித்து அவசரக் கொள்முதல்கள் நடந்தன. 2023இல் அரச வைத்தியசாலைகளில் இம்யூனோகுளோபுலின் ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை உண்டானது. அதன் பிறகே அந்தக் குப்பிகள்மீது சந்தேகம் விழுந்தது. தரமற்ற மருந்து போலி ஆவணங்களின் துணையோடு அரசுக்கு விற்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது நடந்த வரிசையை: முதலில் காகிதத்தை நம்பினார்கள், பிறகு நோயாளிக்கு ஏற்றினார்கள், கடைசியில்தான் சோதித்தார்கள். இம்யூனோகுளோபுலின் ஒரு புரதம். அதை உடைத்தால் அதற்கே உரிய விகிதத்தில் அமினோ அமிலங்கள் வர வேண்டும். சேலைனை உடைத்தால் எதுவும் வராது. இந்த ஒரு சோதனை முன்கூட்டியே நடந்தால் வெறும் குப்பி வார்டுவரை வந்து சேராது.

மொத்தப் புரதத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு 2008இல் சீனாவில் நடந்ததே சாட்சி. 1883இல் டென்மார்க்கின் கெல்டால் வகுத்த முறை, நைதரசனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசனாக இருக்கும் மெலமைனைத் தண்ணீர் கலந்த பாலில் சேர்த்தார்கள்; கணக்கில் பால் தேறிவிட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன, ஆறு குழந்தைகள் இறந்தன. தனித்தனி அமினோ அமிலத்தை அளக்கும் முறையை இப்படி ஏமாற்ற முடியாது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் ஸ்டான்போர்ட் மூர், வில்லியம் ஸ்டைன் ஆகியோர், சக ஆய்வாளர் ஸ்பக்மனுடன் சேர்ந்து 1958இல் இதற்குத் தானியங்கிக் கருவி அமைத்தார்கள். மூருக்கும் ஸ்டைனுக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்தை அடர்ந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை சூட்டில் ஒரு நாள் வைத்தால் அது அமினோ அமிலங்களாக உடைகிறது. அவை பிசின் மணிகள் நிரம்பிய குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளிவருகின்றன. நின்ஹைட்ரின் சேர்ந்ததும் பெரும்பாலானவை ஊதா நிறமும் புரோலின் மஞ்சள் நிறமும் காட்டும். நிறத்தின் அடர்த்தியிலிருந்து அளவு தெரிகிறது. மாதிரிகளை அடுக்கிவிட்டால் இன்றைய கருவி இரவு முழுவதும் ஆள் துணையின்றி வேலை செய்யும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அமிலத்தில் கொதிக்கும்போது டிரிப்டோபன் அழிந்துவிடும். அதற்கு வேறு வழி வேண்டும். வெப்பத்தில் கெட்டுப்போன இன்சுலினை உடைத்தாலும் நல்ல இன்சுலினின் அமினோ அமிலங்களே வரும். ஆகவே அதை உடைக்காமல் முழுதாகவே, கலந்திருப்பவற்றைக் குழாயில் பிரித்துக் காட்டும் திரவ நிறப்பகுப்புக் கருவியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விஷமுறிவு மருந்தின் வீரியத்தையும் குப்பியில் கிருமி இருக்கிறதா என்பதையும் வேறு சோதனைகளே சொல்லும். ஒரு சோதனை எல்லாவற்றையும் சொல்லாது என்பதற்காக, அது திட்டமாகச் சொல்லக்கூடியதையும் கேட்காமல் விடுவது நியாயமாகாது. பொருள் சரியானதா, அளவு சரியானதா என்ற முதல் இரண்டு கேள்விகளுக்கு இதைவிட உறுதியான பதில் கிடைப்பது அரிது.

செலவு பற்றிய ஆட்சேபம் வலுவானது. கருவி விலை கூடியது, இரசாயனங்கள் டொலரில் வருகின்றன, பயிற்சி பெற்றவர்கள் வெளிநாடு போகிறார்கள். ஆனால் திரவ நிறப்பகுப்புக் கருவி ஒரே மருந்துக்கானது அல்ல; இன்று அமினோ அமிலத்தை அளப்பது நாளை அன்டிபயோட்டிக்கையும் பரசிட்டமோலையும் அளக்கும். வறிய, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரம் குறைந்தது அல்லது போலியானது என்று உலக சுகாதார அமைப்பு 2017இல் கணித்தது. பயன் தராத மருந்துக்குக் கொடுத்த பணம்தான் பெரிய நட்டம். தயாரிப்பாளரின் சான்றிதழே போதும் என்பவர்களுக்கு 2025 ஒக்டோபர் பதில் சொல்லும்: காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சான டைஎதிலீன் கிளைக்கோல் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசு ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். கண்டுபிடிக்கும் திறமை அரசிடம் இருந்தது, காலம் தாழ்ந்துவிட்டது.

தோட்டங்களுக்கு வரும்போது இந்தத் தாமதத்தின் விலை இன்னும் கூடுகிறது. கொழும்புக் களஞ்சியத்திலிருந்து புறப்படும் மருந்து இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளுக்கும், அங்கிருந்து தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை போன்ற இடங்களுக்கும் போகிறது. பெருமழையும் மண்சரிவும் மின்தடையும் இந்தப் பாதையில் வழமை. இன்சுலினோ 2 முதல் 8 பாகைக் குளிரில் இருந்தாக வேண்டும். நகரவாசிக்குச் சந்தேகம் வந்தால் பாமசியில் வேறு கம்பனியின் மருந்தை வாங்கிக்கொள்வார். லயத்தில் இருப்பவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி தரும் குப்பி மட்டுமே உண்டு. எனவே மாதிரி எடுப்பது களஞ்சியத்தோடு முடியக்கூடாது. தோட்டத்து மருந்து அலுமாரிவரை வர வேண்டும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. அதற்கென ஆய்வுகூடமும் இருக்கிறது. சட்டம் புதிதாக வேண்டியதில்லை. புரத மருந்தும் அமினோ அமிலத் திரவமும் ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்கப்பட்ட பிறகே விநியோகிக்கப்பட வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ பீடங்களை இந்தப் பணியில் இணைக்க வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் பார்க்க வெளியிடப்பட வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து முன்வைக்கட்டும். மலையக மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் சுகாதார அமைச்சைக் கேட்கட்டும்.